சம்மனசும் சர்க்கரை மாத்திரையும்

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஐம்பத்து நான்கு வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்பது பக்கம். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை நானே மாற்றிவிட்டேன். சுருக்கம் இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவருடைய மகன் பைக்கிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் அடி. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தன் தோள் துண்டால் காயத்தைக் கட்டி, அந்த வழியாக வந்த மீன் வண்டியை மறித்து ஏற்றி, அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். இந்த அம்மா பதறியடித்து ஓடியபோது வாசலில் நின்ற அந்த மனிதர், "அழாதீங்கம்மா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உள்ளே போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். காவலாளி அப்படி யாரையும் பார்க்கவில்லை என்றார். பதிவேட்டில் கொண்டுவந்தவர் பெயர் எழுதும் இடம் காலி. மகன் பிழைத்தார். வந்தது காவல் சம்மனசுதான், அதாவது காவல் நிற்கும் வானதூதர்தான் என்று அம்மா நம்புகிறார். அந்தத் துண்டைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். அதன் மூலையில் கருப்பாக மூன்று புள்ளியும் ஒரு கோடும் இருக்கின்றன, அது என்ன அடையாளம் என்று கேட்டு, படமும் வரைந்து அனுப்பியிருக்கிறார்.

எட்டு மாதத்துக்கு முன் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு விடியற்காலை நாலு மணிவாக்கில் கட்டிலின் கால்மாட்டில் வெள்ளையாக ஒருவர் வந்து நிற்கிறார். அந்த நேரத்தில் கைகால் அசையாது, கூப்பிட வாய் வராது. சில நாள் மல்லிகை வாசம். முதலில் பயமாக இருந்தது, இப்போது ஆறுதலாக இருக்கிறது. அடுப்படியில் நிற்கும்போது இரண்டு முறை, கணவர் மட்டுமே கூப்பிடும் செல்லப் பெயரால் யாரோ கூப்பிட்டார்கள்.

இதை ஜெபக்குழுவில் சொல்லியிருக்கிறார். குழுவை நடத்தும் அக்கா, அந்தத் தூதருக்கு ஒரு பெயரும் சொல்லி, "தூதர் காவல் நிற்கும்போது மாத்திரை போடுவது அவிசுவாசம்" என்றும் சொல்லியிருக்கிறார். ஐந்து வாரமாகச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நிறுத்தம். அடுத்த மாதம் மகனோடு மேடையேறிச் சாட்சி சொல்ல வேண்டும், வீடியோ எடுப்பார்களாம். மகளோ, "அம்மாவுக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் போவோம்" என்று அழுகிறாள். கொழுந்தனார், ஒரு ஜெப வீட்டில் இரண்டு மாதம் விட்டுவைக்கலாம் என்கிறார். டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் வீட்டுப் பத்திரத்தில் தன் கையெழுத்து செல்லாது என்று இந்த அம்மாவுக்குப் பயம். கடைசி வரி: "அது சம்மனசா, என் புத்திக் கோளாறா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்."

அம்மா, ஒரு வார்த்தையில் முடியாது. ஆனால் முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கோ நாளைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். ஐந்து வாரம் மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்திய மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடங்குவதா, மாற்றுவதா என்பதை அளவு பார்த்த பிறகு அவர்கள் சொல்வார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரோட்டில் வந்தவர், கால்மாட்டில் நிற்பவர், அடுப்படியில் கூப்பிட்ட குரல் என்று மூன்றையும் ஒரே நூலில் கோத்துவிட்டீர்கள். ஜெபக்குழு அக்கா அதில் மாத்திரையையும் நாலாவதாகக் கோத்துவிட்டார். முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்ப்போம். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், ஆனால் பாளையங்கோட்டையில் கன்னியர் பள்ளியில் படித்தவள். அதனால் சம்மனசு என்ற சொல் எனக்கு அந்நியமில்லை. இப்போது கோயிலில் வானதூதர் என்றுதான் வாசிக்கிறார்கள். வயதானவர்கள் வாயில்தான் சம்மனசு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது உங்கள் கடிதத்தில் வந்தது எனக்குச் சந்தோஷம்.

ரோட்டில் வந்தவர்

அந்த மனிதரை நீங்கள் பார்த்தீர்கள், பேசினீர்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். மீன் வண்டிக்காரரும் பார்த்திருப்பார். துண்டு உங்கள் பெட்டியில் இருக்கிறது. இதில் புத்திக் கோளாறுக்கு இடமே இல்லை. கண்ணால் கண்டது நிஜம்; அவர் யார் என்பதுதான் கேள்வி.

பதிவேட்டில் பெயர் இல்லாததையும் அவர் சொல்லாமல் போனதையும் பெரிய அதிசயமாக எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரு காலத்தில் ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்று அலைய வேண்டியிருந்தது. அதனாலேயே பலர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிகாட்டுதல்களுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்ற பிரிவையே சேர்த்தார்கள். உதவி செய்தவர் பெயரையும் முகவரியையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று போலீஸோ ஆஸ்பத்திரியோ கட்டாயப்படுத்தக் கூடாது. காலியாகக் கிடந்த அந்தக் கட்டம் சட்டப்படியே காலியாக இருக்கலாம். காவலாளி பார்க்கவில்லை என்றதையும் நான் பெரிதாக எடுக்க மாட்டேன். நானும் பயிற்சிக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள்தான். விபத்து கேஸ் வரும் நேரத்தில் அங்கே எல்லா முகமும் ஒரே முகம்.

அப்புறம் அந்த மூன்று புள்ளியும் ஒரு கோடும். நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது சலவைக்குறி அம்மா. சேங்கொட்டைப் பாலைத் தொட்டுத் துணி மூலையில் வைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. எத்தனை துவைத்தாலும் போகாது. எங்கள் வீட்டுத் துணிக்கு இரண்டு புள்ளியும் ஒரு வளைவும். அந்தத் துண்டு எங்கோ ஒரு வீட்டிலிருந்து வெளுக்கப் போய் வந்த துண்டு.

இதைச் சொல்லி உங்கள் சம்மனசைப் பறிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் வேதாகமத்தில் தோபித்து ஆகமம் இருக்கிறதே, அதில் வரும் இரபேல் சிறகோடும் ஒளியோடுமா வந்தார்? வழி தெரிந்த ஒரு சாதாரண ஆளாக வந்து, நாள் கூலி பேசி, தோபித்தின் மகனோடு நடந்து போனார். கடைசிவரை அந்த வீட்டில் யாருக்கும் அவர் தூதர் என்று தெரியாது. அந்தக் கணக்கில் பார்த்தால், துண்டில் சலவைக்குறி இருப்பதால் சம்மனசு இல்லை என்று ஆகிவிடாது. பெயர் சொல்லாததால் சம்மனசு என்றும் ஆகிவிடாது. இதே மாதிரி வந்து போனவரைப் பற்றி என்னிடம் ஒரு முஸ்லிம் பெரியவர் மலக்கு என்றார். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், முருகனே சின்னப் பையனாக வந்து தன்னைக் கைபிடித்து ரோட்டைக் கடக்கவிட்டான் என்று சத்தியம் செய்தார். யாருடைய நம்பிக்கைக்கும் நான் மருந்து எழுதியதில்லை.

கால்மாட்டில் நிற்பவர்

இது வேறு விஷயம். கனவு காணும் தூக்கத்தில், கனவில் ஓடினால் உடம்பும் எழுந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக மூளை நம் தசைகளைத் தற்காலிகமாகக் கட்டிப்போடுகிறது. சில சமயம் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், அறை தெரியும், கை அசையாது, கனவின் மிச்சம் அறைக்குள்ளேயே நிற்கும். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம். நாலு மணிக் கணக்கு அதனால்தான். நம் ஊரில் 'பேய் அமுக்குது' என்பது இதைத்தான். ஒருவருக்குப் பேயாகத் தெரிவது உங்களுக்குச் சம்மனசாகத் தெரிகிறது என்றால், அது உங்கள் மனசு எதில் ஊறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இதனால் ஆபத்து இல்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும்.

இங்கேதான் மாத்திரை வருகிறது. ராத்திரி மூன்று நான்கு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதாக ஆறாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை ஏறினால் அப்படித்தான் ஆகும். எழுந்து எழுந்து தூக்கம் துண்டு துண்டாகிறது. துண்டான தூக்கத்தில் இந்த அனுபவம் கூடும். மாத்திரையை நிறுத்திய பிறகு அவர் அடிக்கடி வருகிறார் என்று நீங்கள் மகிழ்ந்து எழுதியிருப்பதை, நான் கவலையோடுதான் படித்தேன். மல்லிகை வாசத்துக்கு, பக்கத்து வீட்டில் பந்தல் இருக்கிறதா என்று கேட்டால் கோபிக்க மாட்டீர்கள்தானே?

கூட ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு, தனியாக, களைத்து, ஆபத்தில் இருப்பவர்களுக்கு வரும். 1916இல் தென்துருவப் பயணி ஷேக்கிள்டன், கப்பல் நொறுங்கிப் போய், இரண்டு பேரோடு தெற்கு ஜார்ஜியா தீவின் பனிமலைகளை முப்பத்தாறு மணி நேரம் நடந்து கடந்தார். நாங்கள் மூன்று பேர் அல்ல, நான்கு பேர் நடப்பதுபோல் இருந்தது என்று பிறகு எழுதினார். 2006இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள், வலிப்பு நோய்க்காகப் பரிசோதித்த ஓர் இளம்பெண்ணின் மூளையில் இடது காதுக்கு மேல் பின்பக்கமாக ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தால் தூண்டியபோது, தன் பின்னால் ஒரு நிழல் ஆள் இருப்பதாக அவர் சொன்னார். தூண்டுவதை நிறுத்தினால் ஆள் இல்லை. இந்த உணர்வு எங்கே உண்டாகிறது என்பது நமக்கு ஓரளவு தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பது என் மருத்துவப் புத்தகத்தில் இல்லை. உங்கள் பங்குச் சாமியாரிடம் பேசுங்கள்.

அடுப்படியில் கேட்ட குரலுக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். முப்பது வருடம் ஒரே பெயரைக் கேட்டுப் பழகிய காது அது. 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் பார்த்திருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாக இருந்தது. பெரும்பாலோர் அதை வெளியே சொல்லவுமில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டு மாதம் ஒன்றும் அதிக நாள் இல்லை அம்மா. ஒன்பது பக்கத்தில் உங்கள் கணவரைப் பற்றி நாலே வரிதான் இருந்தது. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை அவிசுவாசமா?

ஜெபக்குழு அக்காவுக்கு நல்ல மனசு இருக்கலாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது அபாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். சர்க்கரை ஏறிக்கொண்டே போனால் சிறுநீரகம், கண், நரம்பு என்று சத்தமில்லாமல் அரிக்கும். ஒரே வருடத்தில் இரண்டு சாவு பார்க்க உங்கள் பிள்ளைகளால் முடியாது.

விசுவாசக் கணக்கிலும் அவர் சொல்வது சரியில்லை. மறுபடி தோபித்துக்கு வருவோம். பையன் ஆற்றில் பிடித்த மீனின் பித்தத்தை எடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னதும், ஊருக்குத் திரும்பியதும் அதைப் பார்வை போன அப்பாவின் கண்ணில் போடச் சொன்னதும் யார்? இரபேல்தான். மீனைப் பற்றிக் கடற்கரைக்காரர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! கண்ணில் கை வைத்து ஒரு நொடியில் குணமாக்காமல் மருந்து சொல்லிக் கொடுத்த தூதர் அவர். எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று செடி நிழலில் படுத்தபோது வந்த தூதரும் பிரசங்கம் செய்யவில்லை. எழுந்து சாப்பிடு என்றார், மறுபடி தூங்கவிட்டார். நான் பள்ளியில் கேட்ட கதைகளிலேயே எனக்குப் பிடித்தது அது. என் வேலையும் பாதி அதுதான்.

தூதருக்கு ஒரு பெயர் சொன்னாராமே, அது எனக்கு நெருடுகிறது. மிக்கேல், கபிரியேல், இரபேல் தவிர வேறு பெயர்களைத் தூதர்களுக்கு வைக்கும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்று 2001இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியிலேயே இருக்கிறது. காட்சிகள் பற்றி 2024 மே மாதம் வந்த புதிய நெறிமுறைகளும் நிதானத்தைத்தான் சொல்கின்றன. ஆயர் விசாரித்துத் திருப்தியானாலும்கூட, பொதுவாக இது இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று அறிவிப்பதில்லை. திருச்சபையே இவ்வளவு தயங்கும் இடத்தில், ஒரு ஜெபக்குழு மைக்கில் அறிவிக்க என்ன அவசரம்?

சாட்சி சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் மகனிடம் கேளுங்கள். அடிபட்டது அவர் தலை, வீடியோவில் வரப்போவது அவர் முகம். ஒரு தடவை போட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. "இன்னும் துக்கத்தில் இருக்கிறேன் அக்கா, இப்போ வேண்டாம்" என்று சொன்னாலே போதும். நீங்கள் யாருக்கும் கடன்படவில்லை.

டாக்டரிடம் போனால் பைத்தியம் என்று எழுதுவார்களா?

எழுத முடியாது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. ஒருவருடைய மத நம்பிக்கை ஊராரின் நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. அப்படியே மனநோய் என்று கண்டறிந்தாலும், அதை மட்டும் வைத்துப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். ஆக, மனநல மருத்துவரின் சீட்டு ஒன்று உங்கள் கையில் இருப்பதால் வீட்டுப் பத்திரம் கைமாறாது. நீங்கள் பேசியதை ரகசியமாக வைத்திருக்க வேண்டியதும் மருத்துவரின் சட்டக் கடமை. பத்திரப் பேச்சை வீட்டில் யார் முதலில் எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெப வீட்டில் இரண்டு மாதம் என்ற பேச்சுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் கொட்டகையோடு எரிந்து, 28 பேர் இறந்தது உங்கள் கொழுந்தனாருக்கும் நினைவிருக்கும். எல்லா இடமும் அப்படியில்லை, சரி. ஆனால் மருத்துவ வசதி இல்லாத இடத்தில் சர்க்கரை நோயாளி இரண்டு மாதம் தங்குவதே தப்பு.

எப்போது தள்ளிப்போடக் கூடாது

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை; இருந்தாலும் மகளும் தெரிந்துவைத்திருக்கட்டும். குரல் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோடு நிற்காமல், இதைச் செய், அதைச் செய்யாதே என்று கட்டளையிட ஆரம்பித்தால், 'என்னிடம் வந்துவிடு' என்று கூப்பிட்டால், யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பகலில் முழு விழிப்பில் உருவம் தெரிந்தால் கண் பரிசோதனையும் வேண்டும். விழித்திரை கெட்டவர்களுக்கு இல்லாத ஆட்கள் தெரிவதுண்டு, அது மனநோய் அல்ல. திடீர் வாசனையோடு சில நொடி நினைவு தப்பினால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேச்சு குழறல், கை கால் பலவீனம், திடீர்க் குழப்பம் என்றால் உடனே 108.

இவை இல்லாவிட்டாலும் ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ நாலைந்து தடவை பேசுவது நல்லது. சம்மனசுக்காக இல்லை, உங்கள் கணவருக்காக. அரசின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. இடது பக்கமோ வலது பக்கமோ ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். நாலு மணிக்கு அவர் வந்தால் பயப்படவும் வேண்டாம், அதற்காக முழித்துக் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு விரலை மட்டும் அசைக்க முயன்றால் கட்டு சீக்கிரம் விட்டுவிடும் என்று பலர் சொல்வார்கள்.

மகளிடம் கோபம் வேண்டாம். அவள் தப்பான வார்த்தையில் சரியான பயத்தைச் சொல்கிறாள். அப்பாவை இழந்தவள் அவளும்தான். அவளுக்கும் அவர் குரல் கேட்கிறதா என்று ஒரு நாள் சும்மா கேட்டுப் பாருங்கள்.

நாளைக்கு வெறும் வயிற்றில் போனால்தான் சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை சரியாகத் தெரியும், காபியும் வேண்டாம். பழைய சீட்டுகளையும் மிச்ச மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மகன் பைக்கில் கூட்டிப்போவதாக இருந்தால், இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் ஏறிய பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.